வீட்டுச் சாவியைக் கொடுத்த டாக்டர்

1916-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி. முதல் உலகப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம்.

இங்கிலாந்திலிருந்து "சசெக்ஸ்" என்ற கப்பல் பிரான்சுக்குப் புறப்பட்டது. அது போர்க் கப்பல் அல்ல. சாதாரணப் பிரயாணிக் கப்பல்தான். அதன் முன்புறத் தளத்தில் ஓர் அமெரிக்க வாலிபர் இருந்தார். வயது 25. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படிக்கும் மாணவர். பிரான்சில் செஞ்சிலுவைச் சங்க ஆஸ்பத்திரி ஒன்றில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போட்டு உதவலாம் என்று போய்க்கொண்டிருந்தார்.

நடுக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய குண்டு பாய்ந்தது. கப்பலின் முன்பகுதி அப்படியே பிய்ந்துபோயிற்று. சுமார் 50 பேர் மாண்டார்கள். மாணவர் தூக்கி எறியப்பட்டார். கால் மிகவும் சேதப்பட்டது. ஆனால் உயிர் போகவில்லை. மிச்சமிருந்த கப்பலும் மூழ்காமல் மிதந்தது.

தாயார் இருந்ததோ அமெரிக்காவில். அயல் நாட்டில் காலொடிந்து கிடக்கும் பையனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

"என் வீட்டுக்கு வா" என்றது ஒரு குடும்பம். ஆக்ஸ்போர்டில் நார்ஹம் கார்டன்ஸ் தெருவில் 13-ம் நம்பர் வீடு. சர் வில்லியம் ஆஸ்லரின் வீடு. அந்தக் காலத்தில் ஆங்கிலம் பேசும் உலகத்தில் அவரைவிடப் பெயர் பெற்ற வைத்தியர் கிடையாது. அந்த வீட்டுக்கு மாணவர்கள் வைத்த பெயர் "ஓபன் ஆர்ம்ஸ்". வரவேற்க விரித்த கைகள் என்று பொருள். பல வாரங்கள் அங்கே தங்கி, ஆஸ்லர் தம்பதியின் கவனிப்பில் மாணவரின் கால் தேறியது.

அந்த மாணவர்தான் வில்டர் பென்பீல்டு. பிற்காலத்தில் மூளை ஆபரேஷனில் உலகப் பிரசித்தி பெற்றவர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆஸ்லர் ஆபரேஷன் செய்கிற டாக்டரே அல்ல. நோயாளியின் நாடியைப் பிடித்து, மார்பைத் தட்டிப் பார்த்து, மருந்து சொல்கிற வைத்தியர். ஆபரேஷனுக்காக அவர் யாருடைய மண்டையையும் திறந்ததில்லை. ஆனாலும் மூளை ஆபரேஷன் என்ற கலையை வளர்த்தவர்களில் மிகப் பெரிய இரண்டு பேர், மாணவப் பருவத்திலும் வாலிப வயதிலும், அவர் வீட்டுப் படியேறி வந்தவர்கள். ஒருவர் பென்பீல்டு. இன்னொருவர் ஹார்வி குஷிங்.

யார் சேர்த்துக்கொள்வார்கள்?

மூளை ஆபரேஷன் கற்க விரும்பும் மாணவனுக்கு அன்றும் இன்றும் முதல் கவலை ஒன்றுதான். நல்ல ஆசான் கிடைக்க வேண்டும். அவர் நம்மைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்!

இடங்களோ மிகக் குறைவு. படிப்பதற்கு ஆகும் வருஷங்களோ அதிகம். புத்தகத்தைப் படித்துவிட்டுக் கத்தியைக் கையில் எடுக்க முடியாது. ஒரு நூல் அளவு தவறினால் நோயாளிக்குப் பேச்சுப் போய்விடும். கை கால் விழுந்துவிடும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் தொழில் கைக்கு வரும். பரீட்சையில் மார்க்கு வாங்குகிற பையன்கள் எத்தனையோ பேர். அப்படி ஒருவர் பக்கத்தில் நிற்கும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

ஆகவே மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? அந்தத் துறையிலேயே பெரிய பெயர் யாருடையது என்று தேடி, அவர் வாசலில் போய்க் காத்து நிற்கிறார்கள். குஷிங், பென்பீல்டு இருவரின் கதையும் அப்படி நேர்கோட்டில் போகவில்லை.

பாதிரியாரின் மைக்ராஸ்கோப்

முதலில் ஆஸ்லரின் கதையைப் பார்க்க வேண்டும். அவர் 1849-ல் கனடாவில் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் பாதிரியார். மகனும் பாதிரியாராகத்தான் புறப்பட்டார்.

அவர் படித்த பள்ளிக்கூடத்தின் தலைவர் ஜான்சன் என்ற பாதிரியார். அவருக்கு மைக்ராஸ்கோப் என்றால் பைத்தியம். குளத்துத் தண்ணீரையும் பாசியையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பையன்களுக்குக் காட்டுவார். கல்லூரிக்குப் போனதும் டாக்டர் போவல் என்பவர் கிடைத்தார். அங்கேதான் ஆஸ்லர் வேதப் படிப்பை விட்டு வைத்தியத்துக்குத் திரும்பினார். பிறகு மான்ட்ரியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பால்மர் ஹோவார்டு. இவர் தம்முடைய சொந்தப் புத்தக அலமாரியையே மாணவனுக்குத் திறந்துவிட்டார்.

1892-ல் ஆஸ்லர் ஒரு வைத்திய நூல் எழுதினார். பல ஆண்டுகள் உலகமெங்கும் மாணவர்கள் அதை வைத்துத்தான் படித்தார்கள். அதன் முதல் பக்கத்தில் அவர் தம் குருநாதர்களுக்குக் காணிக்கை செலுத்தியிருக்கிறார். ஒருவருக்கு அல்ல, மூன்று பேருக்கு. அந்த மூவரில் முதலாவது பெயர், டாக்டரே அல்லாத அந்தப் பாதிரியாருடையது!

செத்துப்போன நோயாளி

இனி குஷிங். 1893-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு வைத்தியக் கல்லூரி மாணவர். ஒருநாள் ஆபரேஷன் நடக்கும்போது, பார்த்துக்கொண்டிருந்த அவரைக் கூப்பிட்டு, நோயாளிக்கு ஈதர் மயக்க மருந்து கொடுக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். சரியான பயிற்சி எதுவும் கிடையாது. மருந்து கொடுத்தார். நோயாளி இறந்துவிட்டார்.

குஷிங்குக்கு இடி விழுந்தது போல் ஆயிற்று. வைத்தியப் படிப்பையே விட்டுவிடலாமா என்று நினைத்தார். இந்த ஆள் எப்படியும் பிழைத்திருக்கமாட்டார் என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். மனம் ஆறவில்லை.

அவர் படிப்பை விடவில்லை. உடன் படித்த காட்மன் என்ற மாணவரோடு பந்தயம் கட்டினார். யார் நன்றாக மயக்க மருந்து கொடுப்பது என்று பந்தயம். தோற்றவர் சாப்பாடு வாங்கித் தரவேண்டும். இருவரும் நோயாளியின் நாடித் துடிப்பையும் மூச்சையும் நிமிஷத்துக்கு நிமிஷம் காகிதத்தில் குறித்து வந்தார்கள். ஆபரேஷன் நேரத்தில் இன்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வைக்கப்படும் குறிப்புக்கு இந்த இரண்டு மாணவர்கள்தான் வழிகாட்டிகள். சில சமயம் குரு பக்கத்துப் பெஞ்சிலேயே இருக்கிறார் போலும்!

1896-ல் குஷிங் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஆபரேஷன் பிரிவின் தலைவர் ஹால்ஸ்டெட். அமெரிக்காவிலேயே பெயர் பெற்ற கை. அவரிடம் இடம் கிடைப்பது லேசில் இல்லை.

கிடைத்தது. ஆனால் குரு கிடைத்தாரா?

ஹால்ஸ்டெட் விசித்திரமான மனிதர். சட்டையைச் சலவைக்குப் பாரிஸ் நகரத்துக்கு அனுப்புவாராம்! யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அடிக்கடி ஆஸ்பத்திரிக்கே வரமாட்டார். எங்கே போனார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. காரணம் அன்று சிலருக்கு மட்டுமே தெரியும். 1884-ல் கொக்கேன் மருந்தால் உடம்பில் ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியுமா என்று தம்மையே வைத்துப் பரிசோதனை செய்தார். அந்த மருந்து அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு மார்பின் பழக்கமும் சேர்ந்தது. ஆஸ்லர் இதையெல்லாம் அறிந்து, ஒரு குறிப்பில் எழுதி, ரகசியமாக வைத்துவிட்டுப் போனார். 1969-ல் அது வெளியான பிறகுதான் உலகத்துக்கு முழு விஷயமும் தெரிந்தது.

தலைவர் வராத நாட்களில் பெரிய பெரிய ஆபரேஷன்கள் வாலிபர் குஷிங் தலையில் விழுந்தன. அதனால் அவர் கை தேறியது. ஆனாலும் மூளையையும் நரம்புகளையும் மட்டுமே தனித் தொழிலாகச் செய்யப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, ஹால்ஸ்டெட் முதலில் அவ்வளவாக உற்சாகம் காட்டவில்லை. மண்டையைத் திறந்தால் பெரும்பாலும் மரணம் என்றிருந்த காலம் அது.

அடுத்த வீட்டுக்காரர்

பிராங்க்ளின் தெருவில் 3-ம் நம்பர் வீட்டை குஷிங்கும் வேறு சில வாலிப டாக்டர்களும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அடுத்த வீடு, 1-ம் நம்பர். அதில் இருந்தவர் யார் தெரியுமா? ஆஸ்லர்! ஆக்ஸ்போர்டு போவதற்கு முன் அவர் ஜான்ஸ் ஹாப்கின்சில்தான் தலைமை வைத்தியராக இருந்தார்.

அந்தப் பையன்களைக் கூப்பிட்டு, தம் வீட்டு வாசல் கதவின் சாவியை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார் ஆஸ்லர். எப்போது வேண்டுமானாலும் வரலாம். கேட்க வேண்டியதில்லை. புத்தகங்களை எடுத்துப் படிக்கலாம். ஆஸ்லர் வீட்டுப் புத்தகசாலை சாமான்யமானதல்ல. 300, 400 வருஷத்து வைத்திய நூல்கள் எல்லாம் அதில் இருந்தன.

பால்மர் ஹோவார்டு தமக்கு அலமாரியைத் திறந்தார் அல்லவா? ஆஸ்லர் வாசல் கதவையே திறந்துவிட்டார்.

சாவி கிடைக்காத மாணவர்களுக்கும் சனிக்கிழமை இரவுகள் இருந்தன. ஓரிருவர் சாப்பாட்டுக்கு வருவார்கள். மற்றவர்கள் சாப்பாடு முடிந்ததும் வந்து சேர்வார்கள். அந்த வாரம் வார்டில் பார்த்த நோயாளிகளைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும். பழைய புத்தகம் ஒன்றை எடுத்து ஆஸ்லர் கதை சொல்வார்.

கத்தி பிடிக்கும் வித்தையில் குஷிங்குக்கு ஆஸ்லர் கற்றுக்கொடுத்தது ஒன்றும் இல்லை. அதை ஹால்ஸ்டெட்டிடமும், பிறகு ஐரோப்பா போய் சுவிட்சர்லாந்து நாட்டு டாக்டர் கோக்கரிடமும் கற்றார். 1901-ல் லிவர்பூல் நகரத்தில் ஷெரிங்டன் என்ற விஞ்ஞானியோடு குரங்குகளின் மூளையை ஆராய்ந்தார். ஆஸ்லர் கொடுத்தது வேறு. போவதற்கு ஒரு வீடு கொடுத்தார். அந்த வயதில், அந்தத் தொழிலில், அது பெரிய காரியம்.

பட்ட கடன்

1917-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பெல்ஜியம் போர்முனையில் ஆஸ்லரின் ஒரே மகன் ரிவியர், குண்டுக் காயம் பட்டு முகாம் ஆஸ்பத்திரியில் கிடத்தப்பட்டான். வயது 21. அப்போது குஷிங் அமெரிக்க ராணுவ டாக்டராக அந்தப் பக்கத்தில்தான் இருந்தார். செய்தி கிடைத்ததும் இரவோடு இரவாக ஓடினார். வேறு டாக்டர்கள் ஆபரேஷன் செய்தார்கள். குஷிங் பக்கத்தில் நின்றார். விடியும்போது பையன் கண்ணை மூடிவிட்டான். ஒரு காலத்தில் சாவி போட்டுத் திறந்து வந்த வீட்டில் தவழ்ந்து விளையாடிய குழந்தை அவன்.

அதன் பிறகு ஆஸ்லர் பழைய ஆஸ்லராக இல்லை. ஆனால் நார்ஹம் கார்டன்ஸ் வீட்டுக் கதவை அவர் மூடவில்லை. மாணவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். 1919-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி அவர் காலமானார்.

ஆஸ்லரின் மனைவி குஷிங்கை வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னார். நாள் முழுவதும் ஆபரேஷன் செய்துவிட்டு, இரவில் எழுதினார் குஷிங். 1925-ல் இரண்டு பெரிய பாகங்களாக வெளிவந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது.

அம்மாவுக்குக் கடிதம்

கால் தேறிய பென்பீல்டு என்ன ஆனார்?

ஆக்ஸ்போர்டில் அவருக்கு இன்னொரு அதிர்ஷ்டம் காத்திருந்தது. குஷிங் தேடிப்போன அதே ஷெரிங்டன் இப்போது ஆக்ஸ்போர்டு பேராசிரியர். இங்கிலாந்து மாணவர்கள் பெரும்பாலும் போர்முனைக்குப் போய்விட்டதால் வகுப்பில் கூட்டம் இல்லை. பெரிய விஞ்ஞானிக்கு எதிரே உட்கார்ந்து படிக்கும் வாய்ப்பு அமெரிக்கப் பையனுக்குக் கிடைத்தது. மூளையும் நரம்பும் இன்னும் யாரும் சுற்றிப்பார்க்காத தேசம் போல அவருக்குத் தோன்றின. ஷெரிங்டனுக்கு 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1918-ல் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு பென்பீல்டு பாஸ்டன் நகரில் குஷிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். குஷிங் அப்போது மூளை ஆபரேஷனில் ஈடு இணையற்றவர். பொறுமையிலும் சுத்தத்திலும் அவருக்கு நிகர் அவரே. ஆனால் கீழே வேலை பார்க்கும் வாலிபர்களிடம் மிகவும் கடுமை! நாக்கு சாட்டை மாதிரி. ஆஸ்லர் வீட்டில் சாவி வாங்கிய மனிதர்தான். தாம் அப்படிச் சாவி கொடுக்கிறவராக இருக்கவில்லை. இதற்கு என்ன சொல்வது? வேலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, வலியைத் தாங்கிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்.

1921-ல் பென்பீல்டு நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் தாமே மூளை ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார். முதல் நோயாளிகள் பிழைக்கவில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வாரம் தவறாமல் தாயாருக்குக் கடிதம் எழுதுவார். இந்தத் தொழில் பயங்கரமானது, என் ஆயுள் காலத்துக்குள் இது மாறும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இதை வெறுத்துவிடுவேன் என்று அப்போது எழுதினார்.

நிலைமையை மாற்றுவதற்காக, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு மீண்டும் மாணவராகப் புறப்பட்டார். 1924-ல் ஸ்பெயின் நாட்டில் டெல் ரியோ ஓர்டேகா என்பவரிடம் போனார். மூளையின் நுண்ணிய உயிரணுக்களுக்கு வெள்ளி உப்புகளால் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறை அவருக்கு மட்டுமே நன்றாகத் தெரியும். 1928-ல் ஜெர்மனியில் ஓட்பிரிட் போர்ஸ்டரிடம் போனார். காக்கை வலிப்புக்காரர்களை மயக்காமல், தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, வலிப்பு கிளம்பும் இடத்தைத் தேடி எடுக்கும் வித்தை போர்ஸ்டர் கையில் இருந்தது. 37 வயதில், பெண்டாட்டி பிள்ளைகளோடு, தெரியாத பாஷை பேசும் ஊரில் மாணவனாக நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அக்காளின் தலை

அதே ஆண்டு பென்பீல்டு கனடாவில் மான்ட்ரியல் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. அக்காள் ரூத்துக்குக் கடுமையான தலைவலி. பார்வையும் மங்கியது. சோதித்துப் பார்த்தால் மூளையில் கட்டி!

சொந்த ரத்தத்தின் மீது கத்தி வைக்க எந்த டாக்டரும் தயங்குவார். ஆனால் அந்த ஊரில் அந்த ஆபரேஷனை வேறு யார் செய்வார்கள்? 1928 டிசம்பரில் பென்பீல்டே செய்தார். கட்டி பெரியது. நெற்றிப் பக்கத்து மூளையில் பெரும் பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் முழுவதையும் எடுக்க முடியவில்லை. ரூத் பிழைத்து எழுந்து, தம் ஆறு குழந்தைகளிடம் திரும்பிப் போனார்.

பிறகு கட்டி மீண்டும் வளர்ந்தது. இந்தத் தடவை பென்பீல்டு யாரிடம் அனுப்பினார் தெரியுமா? குஷிங்கிடம்! தம்மை அதட்டி வேலை வாங்கிய அதே பழைய தலைவரிடம். குஷிங் ஆபரேஷன் செய்தார். மேலும் சில மாதங்கள் ஆயுள் கிடைத்தது. 1931-ல் ரூத் இறந்துபோனார்.

ஒரு டாக்டர் மட்டும் தனியே நின்று இந்த நோயை வெல்ல முடியாது, மூளையை ஆராய்கிறவர்கள், ஆபரேஷன் செய்கிறவர்கள், மருந்து கொடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பென்பீல்டுக்கு ஏற்கெனவே இருந்தது. அக்காளின் மரணம் அதைத் தீவிரமாக்கியது. ராக்பெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1934-ல் மான்ட்ரியல் நரம்பியல் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தாயாருக்கு எழுதிய கடிதங்களை வைத்துக் கடைசிக் காலத்தில் அவர் எழுதிய சுயசரிதையின் பெயருக்கு, எந்த மனிதனும் தனியாக இல்லை என்று பொருள். 1976-ல் அவர் இறந்தார். புத்தகம் மறு ஆண்டு வெளிவந்தது.

வேலூருக்கு வந்த வித்தை

மான்ட்ரியலுக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜேக்கப் சாண்டி. 1910-ல் கேரளத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இவர் கதையும் நேர்கோட்டில் போகவில்லை. படித்து முடித்துப் பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் தீவின் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனார். அங்கே பால் ஹாரிசன் என்ற அமெரிக்க டாக்டர் இருந்தார். ஜான்ஸ் ஹாப்கின்சில் படித்தவர். பாலைவனத்து நோயாளிகளுக்குச் சகல வைத்தியமும் பார்க்கிறவர். மூளை ஆபரேஷன் துறைக்குப் போகும் ஆர்வத்தைச் சாண்டிக்கு ஏற்படுத்தியவர் அவர்தான். அந்தத் தூண்டுதலால் சாண்டி அமெரிக்கா போனார். பிறகு பென்பீல்டிடம் போய்ச் சேர்ந்தார்.

1949-ல் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். இந்தியாவிலேயே முதன்முதலாக மூளை ஆபரேஷனுக்குத் தனிப் பிரிவு தொடங்கியது அங்கேதான். அடுத்த ஆண்டு, இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தில் பயின்று வந்த டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பெரியாஸ்பத்திரியில் அந்த வேலையை ஆரம்பித்தார். 1951-ல் இந்த இருவரும், பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் என்ற இரண்டு டாக்டர்களும், ஆக நாலே பேர் கூடி, இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் தொடங்கினார்கள்.

வேலூரில் வாலிப டாக்டர்களை எடுத்து மூளை ஆபரேஷனில் முறையாகப் பயிற்சி கொடுப்பது 1957-ல் ஆரம்பமாயிற்று. வித்தைக்காகக் கடல் கடந்து போனே தீரவேண்டும் என்ற நிலைமை நம் மாணவர்களுக்கு அதற்குப் பிறகுதான் மாறியது. சாண்டி 2007-ல் காலமானார்.

அவர் பயின்ற மான்ட்ரியல் ஆஸ்பத்திரி மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆஸ்லரும் வைத்தியம் படித்த பல்கலைக்கழகம் அது. ஆஸ்லர் தம் புத்தகங்களை எல்லாம் அதற்குத்தான் எழுதிவைத்தார். பால்டிமோரில் சாவி போட்டுத் திறந்து பையன்கள் எடுத்துப் படித்த புத்தகங்களும் அவற்றில் உண்டு. 1929-ல் அங்கே ஆஸ்லர் புத்தகசாலை திறக்கப்பட்டது. அந்தப் புத்தகங்களுக்கு நடுவே, சுவருக்குள், ஆஸ்லருடைய அஸ்தியும் அவர் மனைவியின் அஸ்தியும் வைக்கப்பட்டிருக்கின்றன.